வாட்டம்

பதினோரு பெட்டி டைல்ஸ்
குட்டி யானையில் வந்து
சலவன்பேட்டைச் சந்தில் இறங்கிய அன்றுதான்
கூடத்துக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் என்று
அளந்து சொன்னார்கள்.

தெரியாமல் இல்லை.
பதினாலுக்குப் பதினொன்று, அடுப்பும் அதிலேயே ஒரு மூலையில்.
கொட்டிய ரசம் எப்போதும்
குறுக்குச் சுவரைத் தேடித்தான் போகும்.
கடுகு சிந்தினால் அங்கே போய்ப் பொறுக்குவேன்.
கட்டிலின் ஒரு காலுக்குக் கீழே
காலண்டர் அட்டை, நாலாய் மடித்தது.
தரை போட்டவனைக் குடிகாரன் என்று
பதினேழு வருஷமாகத் திட்டியிருக்கிறேன்.

தஸ்தகீர் மேஸ்திரி ரசமட்டத்தை வைத்தார்.
குமிழ் ஓரமாய்ப் போய் ஒட்டிக்கொண்டது.
"இது தப்பில்லம்மா.
கழுவி உட்ற தண்ணி போறதுக்குக் குடுத்த வாட்டம்.
சலதாரை எங்க கீது?"

சலதாரை சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.
ஓரகத்தியும் சுவருக்கு அந்தப் பக்கம்தான்.
நான் வாழவருவதற்கு ஒரு மாசம் முன்பு
பாகம் பிரித்து
நாலரை அங்குலத்தில் எழுப்பிய சுவர்.
பீரோவைப் பிரித்திருக்கிறார்கள், அண்டாவை, கடனை.
சரிவைப் பிரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.
அவருக்குத் தெரிந்திருக்கும். சொன்னதில்லை.

"அந்தாண்ட மட்டம் தெரியணும்மா.
தெரியாம ஏத்துனா
உங்க ஈரம் அவங்க சுவத்துல எறங்கும்."

அவர் மேல்விஷாரத்தில், தோல் கம்பெனியில், பகல் ஷிப்ட்.
புழக்கடையைச் சுற்றி
டியூபின் ஒரு முனையை நானே கொண்டுபோனேன்.
மோட்டார் கரண்ட் பில்லில் நின்றுபோன பேச்சு,
ஆறு வருஷம்.
"ஹேமா" என்றேன். பிறகு,
"இதக் கொஞ்சம் புடி."

மாவுக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு
வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் கட்ட வெரல எடுங்க!"

எடுத்தோம்.
குழாயில் தண்ணீர் அந்தப் பக்கம் போய்
இந்தப் பக்கம் வந்து
இன்னொரு தரம் போய்
நின்றது.
எங்கே நின்றது என்று
என் பக்கம் நான் பார்த்தேன்.
அவள் பக்கம் அவள்தான் சொல்ல வேண்டும்.
"தரையிலேர்ந்து ரெண்டரை அடி,
ஒரு வெரக்கட கூட."
குரல் மாறியிருந்தது. சளியாக இருக்கலாம்.

கணக்கில் இல்லாத நாலு மூட்டை சிமெண்ட்.
கட்டர் தூசியில் துளசிச்செடிகூட வெளுத்துவிட்டது.
சுவரும் நேராக இல்லை.
கடைசி வரிசையில்
ஒரு கோடியில் சாண் அகலம், மறுகோடியில் நாலு விரல் என்று
ஒவ்வொன்றாக அறுத்து வைத்தார்.
ரப்பர் சுத்தி தட்டத் தட்ட
அந்தப் பக்கம் எவர்சில்வர் அதிர்ந்தது.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.

நாலாம் நாள் துடைத்தேன்.
தண்ணீர் நடுக்கூடத்தில் நின்று
போக இடம் தெரியாமல்
மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருந்தது.
வாசல்வரை வைப்பரால் தள்ளினேன்.

இன்று தாளிக்கும்போது அஞ்சறைப்பெட்டி கை தவறியது.
கடுகு விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.
நான்தான் பழக்கத்தில்
குறுக்குச் சுவரோரம் போய்க் குனிந்தேன்.

அந்தப் பக்கம்
வாளியைக் கவிழ்த்து
தரை கழுவுகிறாள்.
நடுவில் ஒரு இருமல்.