பத்தொன்பதாம் கட்டை

எக்செல்லில் பதினோரு வரிசை.
தாளுக்கு விமலேஸ் வைத்த பெயர் 'மலை'.
கேமரன் என்று அடித்தால்
யுகன் பார்த்துவிட்டுப் பள்ளியில் போய்ச் சொல்லிவிடுவான்.
இன்னும் எதுவும் முடிவாகவில்லை.

அவளுக்கு வேஃபர் ஆலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்,
எனக்கு ஆறு நாள் ஸ்டியரிங்.
இரண்டு பேர் அட்டவணையையும்
சமையலறை ஜன்னலில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து
வெளிச்சத்தில் பார்த்தோம்.
ஜூன் முழுக்கத் தேடியும்
வெள்ளைக் கட்டம் வெள்ளைக் கட்டத்தின் மேல் விழுந்தது
மூன்றே இடத்தில்.
சனி, ஞாயிறு, திங்கள்.

மச்சான் கார் தருகிறேன் என்றான்.
சொன்ன வாயோடு டயர் கொஞ்சம் பழசு என்றான்.
எல்லை தாண்ட முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்க வேண்டும்,
அதை இங்கே உள்ள விலைக்கு அடிக்க வேண்டும் என்றான்.
புரிந்தது.
தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தோம்.
மின்தூக்கியில் விமலேஸ் சொன்னாள்:
"வருஷம் பூரா நீங்க ஊரை ஏத்திக்கிட்டுப் போறீங்க.
மூணு நாளாச்சும் உங்களை யாராவது ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

ஆகவே பஸ்.
வெள்ளி இரவு பத்துக்கு ஏறினால் விடியும்போது மலை.
தூக்கம் சீட்டிலேயே முடிந்துவிடும்,
அறை வாடகையில் ஓர் இரவு மிச்சம்.
அந்தக் கட்டத்துக்கு அவள் பச்சை நிறம் கொடுத்தாள்.
ஸ்ட்ராபெரி தோட்டம், யுகனுக்கு வாந்தி மாத்திரை,
மறந்துபோனவற்றுக்காக நாற்பது வெள்ளி.
எல்லாம் சேர்த்து எழுநூற்று எண்பத்தாறு.
எண்ணூறுக்குள் அடங்கியது.
அன்று இரவு இருவரும் நன்றாகத் தூங்கினோம்.

பாலத்தில் எத்தனை மணி நேரம் இழுக்கும்
என்று கேட்கத்தான் பூபாலனிடம் போனேன்.
மாசாயிலிருந்து மூன்றரைக்கெல்லாம்
மோட்டார் சைக்கிளை உதைத்து
தினமும் எனக்கு முன்னால் டிப்போவில் நிற்கிறவன்.
எங்கள் சுற்றுலாவின் முதல் மைல்
அவனுக்கு வேலைக்கு வரும் வழி.

"கேமரனா?" என்றான்.
"நாலு வருஷம் அங்கேருந்து காய்கறி லோரி ஓட்டிருக்கேன்.
கோஸ், சாலட் இலை, தக்காளி.
ராத்திரி எட்டுக்கு இறங்குவோம்,
காலையில சரக்கு சிங்கப்பூர்ல இருக்கணும்.
காலி லோரி ஏறுறதும் ராத்திரிதான்.
பகல்ல லோரிக்குள்ளேயே தூங்கிடுவேன்.
ஒவ்வொரு வளைவும் கைக்குத் தெரியும்.
கண்ணுக்குத்தான் தெரியாது."

கோப்பிப் பையின் கழுத்துக் கயிற்றை
விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தான்.
"பத்தொன்பதாம் கட்டையில ஒரு கொண்டை வளைவு.
கியரைக் குறைச்சா இன்ஜின் சத்தம் அடங்கும்,
அப்போ கீழே தண்ணி விழுற சத்தம் கேட்கும்.
அருவியா, ஆறா, ஏதாச்சும் பைப்பு உடைஞ்சு கிடக்கான்னு
இன்னிக்கு வரைக்கும் தெரியல.
ஒரு படம் எடுத்து அனுப்பு, என்ன?"
பாலத்தைப் பற்றி அவன் சொல்லவே இல்லை.
ஐந்து பத்து ஆகிவிட்டது,
அவன் பஸ் முதலில் கிளம்ப வேண்டும்.

அன்று முழுக்க
உட்லண்ட்ஸுக்கும் தெம்பனிஸுக்கும் நடுவே
எங்கெல்லாம் கியர் மாறியதோ
அங்கெல்லாம் தண்ணீர்ச் சத்தம்.

வீட்டுக்கு வந்து தாளைத் திறந்தேன்.
இரவு பத்து என்பதை அழித்து
சனி காலை ஏழு என்று அடித்தேன்.
மிச்சம் பிடித்த இரவு திரும்பி வந்து
அறைக் கணக்கில் உட்கார்ந்தது.
தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பாதி நாள் போனது.
மொத்தம் எண்ணூற்றுத் தொண்ணூறு,
கட்டம் சிவப்பு.

குளித்துவிட்டு வந்த விமலேஸ்
துண்டோடு நின்று படித்தாள்.
"ஒரு சனிக்கிழமை பூரா பஸ்லயே போயிடுமே?"
"போகும்."
"எதுக்கு?"
பூபாலனைச் சொன்னேன். தண்ணீரைச் சொன்னேன்.
சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு,
சீட்டு எண் காலியாக இருந்த இடத்தில்
பஸ் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏறும்போது அந்தப் பள்ளம்
எந்தப் பக்கம் வரும், இடமா வலமா?"

பூபாலனுக்குச் செய்தி அனுப்பினேன்.
மணி ஒன்பதரை.
அவன் தூங்கியிருப்பான்.