சேவலின் அலகில் மிளகாய்

தால்திகோர்கன் பதிவு அலுவலகத்தில்
பதினேழு வருடமாக என் வேலை இது:
இரண்டு பேரை நிற்கவைத்து
ஒரு வரி படிப்பது.
குடியரசின் சட்டப்படி இனி நீங்கள்
கணவனும் மனைவியும்.
முத்திரை. மை காயும்வரை ஊதுவேன்.
அடுத்து யார்?

சனிக்கிழமை மட்டும்
விருந்து மண்டபங்களில் மைக் பிடிக்கிறேன்.
இரண்டு வழக்கத்துக்கும் ஒரே மாலைக்குள்
இடம் கண்டுபிடிக்கவேண்டிய கல்யாணங்களுக்கு
என்னைத்தான் அழைக்கிறார்கள்,
எந்தப் பக்கமும் சேராதவள் என்று.
அப்பா வோல்கா ஜெர்மானியர்.
அம்மா பாதி உக்ரேனியள்;
மீதிப் பாதியை அவள் சொன்னதே இல்லை.

நேற்று குவானிஷுக்கும் இன்னா நிகாய்க்கும்.
பெண் கொரிய வீடு. அவர்கள் வந்திறங்கிய கதை
இங்கே எல்லோருக்கும் தெரியும், எவரும் கேட்பதில்லை:
மாட்டு ரயில்பெட்டி, இலையுதிர்காலம், வெறும் புல்வெளி.

மேஜைமேல் முழுசாக வெந்த சேவல்,
அலகில் செக்கச்செவேலென்று ஒரு மிளகாய்.
மாப்பிள்ளையின் பெரியப்பா வெகுநேரம் பார்த்தார்.
"இது எதற்கு?"
"எப்போதும் வைப்போம்," என்றார்
பெண்ணின் அப்பா ரோபெர்த்.
"ஏன்?"
"எப்போதும் வைப்போம்."
பெரியப்பா தலையாட்டினார்.
அதைவிட நல்ல காரணம்
அவரிடமும் எதற்கும் இருந்திருக்காது.

என் தாளில் இருந்தது: மணி ஆறு, கொரிய வணக்கம்.
பெற்றோர் முன் மணமக்கள் மண்டியிட வேண்டும்.
எந்தக் கை மேலே?
பெண்வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
நாற்பது பேர். ஒருவருக்கும் தெரியவில்லை.
ரோபெர்த் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

எதிர்ப் பக்கத்தில்
ஜாவ்ரெஷ் அத்தை எழுந்தாள், கையில் ஆட்டெலும்போடு.
"பெண்ணுக்கு வலது கை மேலே. பையனுக்கு இடது."
எலும்பை வைத்துவிட்டு
பட்டுச் சட்டையோடு தரையில் இறங்கிக் காட்டினாள்.
பத்து வருடமாகக் கொரியத் தொடர் பார்க்கிறாளாம்,
ருஷ்யக் குரல் ஒட்டியது.

மண்டபம் சிரித்தது.
ரோபெர்த்தின் காதுமடல் சிவந்தது.
"அது தெற்கு. அது டிவி. நாங்கள் வடக்கத்திக்காரர்கள்."
"அப்படியென்றால் உங்களுடையதைக் காட்டுங்கள்,"
என்றாள் அத்தை. குத்தலாக இல்லை;
நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.
மைக்கில் என் மூச்சு மட்டும்.
அந்த மாதிரி இடத்தில் வாய் திறக்கக்கூடாது,
தொழிலில் நான் கற்றது அவ்வளவே.

அவர் நடுவுக்கு வந்தார்.
பள்ளிப் பையன்போலக் கைகளைத் தொங்கவிட்டு நின்றார்.
பிறகு முழங்கால், உள்ளங்கை, நெற்றி.
எழுந்தார். மறுபடி. மறுபடி.
மூன்றாம் முறை எழ நாற்காலி பிடிக்கவேண்டியிருந்தது.

"ஏப்ரலில் அப்பா கல்லறைக்குப் போவோம்," என்றார்,
"வோட்கா ஊற்றி, இப்படி மூன்று தடவை.
எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.
உயிரோடிருப்பவர்களுக்கு எத்தனை,
யாரும் சொல்லித்தரவில்லை."

"ஒன்று," என்றாள் ஜாவ்ரெஷ்,
இப்போது மிக மெதுவாக.

அவருடைய வணக்கம், அவளுடைய எண்ணிக்கை.
மணமக்கள் இறங்கி எழுந்தார்கள்.
கைகள் எது மேல் எது கீழ்
நான் கவனிக்கவில்லை.

பிறகு முகத்திரை விலக்கும் சடங்கு.
தொம்ப்ராக்காரன் உறவுகளின் பெயரை ஒவ்வொன்றாய்ப் பாட
பெண் திரைக்குள்ளிருந்து தலைதாழ்த்தினாள்,
கசாக் முறைப்படி, லேசாக.
ஜாவ்ரெஷின் பெயர் வந்தபோது
மறந்தோ, மறக்காமலோ,
தரைவரை போய்விட்டாள்.
தொம்ப்ராக்காரன் ஒரு தாளம் காத்திருந்தான்.

மிட்டாயும் சில்லறையும் மழையாய் விழுந்தன.
குழந்தைகள் மேஜைக்கடியில் பாய்ந்தார்கள்.
ஒரு மிட்டாய் சேவலின் முதுகில் ஒட்டிக்கொண்டது.

மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.
பெரியப்பா அலகிலிருந்த மிளகாயை உருவிக்
கடித்தே விட்டார். கண்ணில் நீர்.
"ஐயோ, அதைத் தின்னக்கூடாது!" என்றார் ரோபெர்த்.
"ஏன்?"

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.