நாற்பது வாட் ஆடு

அலுமாரிக்குள் ஒரு பல்பு, இரவும் பகலும்.
நாற்பது வாட்.
நுவரெலியாவில் தோலை வேறு எப்படி வைத்திருப்பது?
நாலு நாள் மழை பிடித்தால்
தோள்பட்டையில் பச்சையாய்ப் பூத்துவிடும்.
"ஆட்டுக்கு லைட்டு, எனக்குக் குப்பி லாம்பா?"
யோகமலர் கரண்டு பில்லை நாலாய் மடித்து
என் சட்டைப்பையில் வைப்பதில்லை,
அதன் ஒரே பையில் வைக்கிறாள்.

மூன்று ஜாக்கெட் இருக்கின்றன.
இரண்டு நகல். பார்சல் வாடை போகாத புதுத்தோல்,
வழவழவென்று ஓடும் சிப். குறை சொல்ல ஒன்றுமில்லை,
அதுதான் குறை.
மூன்றாவது, ரிஃபாய் நானாவின் பேல் கடையில்
கொரியாப் போர்வைகளுக்கு அடியில் கிடந்தது.
முதுகு, பனி சுட்ட உருளைக்கிழங்கு இலை.
முழங்கையில் பிளேன்டீ நிறம்.
உள்ளே ஆட்டு மயிர் இன்னும் மஞ்சளாய், அடர்த்தியாய்.
இரண்டு மூட்டை லீக்ஸ் காசு கொடுத்தேன்.
"எந்த நாட்டுச் சாமான் இது?" என்று கேட்டார் நானா,
விற்ற பிறகு.

பண்டாரவளைப் பல் டொக்டர் வன்னியாரச்சியிடம்
இப்படிப் பதினொன்று.
காலரைப் பிரித்து, அந்தச் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு
கடைவாய்ப் பல் பார்ப்பதுபோலப் பார்த்தார்.
"தோல் அந்தச் சண்டைக் காலம். சிப் பிறகு போட்டது."
கழுத்துப் பட்டைக்குக் கீழே மையில் ஒரு பெயர்,
கடைசி இரண்டெழுத்து மட்டும் மிச்சம்.
கடிதம் போட்டு விசாரிக்கச் சொன்னார்.
நான் போடவில்லை.
முழுப்பெயர் தெரிந்துவிட்டால்
உடுத்துவது கஷ்டம்.

இரவு இரண்டரைக்குக் கரட் ஏற்றுவேன்.
ரம்பொடை வளைவுகளில் காலர் காதுவரை.
புசல்லாவையில் சிப் பாதி.
கம்பளையில் முழுதும்.
மாத்தளை தாண்டினால் கழற்றிப்
பக்கத்துச் சீட்டில் உட்கார வைப்பேன்.
அவன் ஏறி ஏறிக் குளிர்ந்திருப்பான்.
நான் இறங்கி இறங்கி வேர்க்கிறேன்.
தம்புள்ளையில் மூட்டை இறக்குகிறவர்களுக்கு நான் "பைலட்".
விமானத்தைக் கிட்டப் பார்த்ததுகூட இல்லை.

ஒரு தடவை, சண்டை முடியாத வருஷம்,
கொத்மலைப் பக்கம் செக் பொயின்ட்.
டோர்ச் முகத்திலிருந்து மார்புக்கு இறங்கியது.
"மே மொன ஆமி எகெத?"
எந்த ஆமி என்று
எந்தப் பாஷையில் நான் சொல்ல?
கழற்றச் சொன்னான். பனியனோடு நின்றேன்.
தையல் தையலாய்த் தடவினான், விளிம்பு, அக்குள், பை.
பிறகு கையை ஸ்லீவுக்குள் விட்டான்.
விட்டவன் எடுக்கவில்லை.
என்னைவிடச் சின்னவன், உதடு வெடித்திருந்தது.
எவ்வளவு நேரமோ. பின்னால் இரண்டு லொறி ஹோர்ன் அடித்தது.
திருப்பித் தந்தான்.
ஒரு கைக்குள் மட்டும் அவன் சூடு இருந்தது.
அந்தச் சூட்டோடுதான் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

பதின்மூன்று மணித்தியாலம் கரண்டு வெட்டின காலத்தில்
அலுமாரியும் இருண்டது.
யோகமலர் தடவி எடுத்தாள்.
நகல் இரண்டும் முன்னால் தொங்க
கை நேரே அதற்குத்தான் போனது.
"என்னா கனம். தூங்குற புள்ளயத் தூக்குன மாதிரி."
அப்படியே படுத்துவிட்டாள்.

விடிந்தபோது சிப் இறங்கவில்லை.
நானும் இழுத்தேன், சவர்க்காரம் தேய்த்தேன்,
டொக்டருக்குக் கோல் எடுத்தேன், எடுக்கவில்லை.
பைப்பில் தண்ணி வரும் நேரம்.
குடத்தைத் தூக்கிக்கொண்டு
அதோடேயே போய் வரிசையில் நின்றாள்.

யாரோ "பைலட்" என்று கூப்பிட்டார்கள்.
நானும் வாசலில்தான் நின்றேன்.
திரும்பியது அவள்.