ஆறு மணி வரை

முதல் வேன் வந்தது பத்தரைக்கு.
முந்தின ராத்திரி ரிசப்ஷன் பூவைப்
பாதிதான் பிரித்திருந்தோம்.
மேடையில் தெர்மாகோல் எழுத்து:
மாப்பிள்ளை பேர் இறங்கிவிட்டது,
சங்கவி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

'எத்தனை பேர் சார்?'
'கொள்ற வரைக்கும்' என்றார் ஏட்டு.

திருவொற்றியூரில் மண்டபம் பார்த்துக்கொள்கிறவனுக்கு
முகூர்த்த நாளைப் போலவே மறியல் நாளும் தெரியும்.
இரண்டுக்கும் டைனிங் ஹாலைக் கழுவ வேண்டும்.
ஒன்றுக்குத்தான் அட்வான்ஸ்.

இறங்கினார்கள்.
கன்டெய்னர் லாரிகளுக்குக் குறுக்கே
விடிகாலையிலிருந்து உட்கார்ந்த புடவைகள்,
பின்பக்கமெல்லாம் நிலக்கரித் தூள்.
ஒருத்திக்கு ஒரு காலில்தான் செருப்பு.
இன்னொன்று ரோட்டிலேயே மறியலைத் தொடர்கிறதாம்.

வாசல் ஸ்டூலில் பன்னீர்ச் செம்பை
எடுத்துவைக்க மறந்திருந்தேன்.
முன்னால் வந்த அம்மாள் அதைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
தூக்கித் தெளித்தாள்
தன்னைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் போலீஸ்மேல்.
'வாம்மா, வா, சாப்ட்டுத்தான் போவணும்.'
அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள்.
அப்புறம் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

பேர், வயசு, வீட்டுக்காரர் பேர்.
'தேசராணி. அம்பத்திரண்டு. எழுதிக்கோ,
இதே மண்டபத்துலதான் எனக்குத் தாலி கட்டுனாரு.
அப்ப ஃபேன் ஓடுச்சு.'

லைட்டு போடு, லைட்டு போடு,
லாரிக்கு ஒரு நேரம் போடு!
கெட்டிமேளத்துக்காகக் கட்டின கூரை இது.
ஒரு குரல் போட்டால் மூன்றாகத் திருப்பித் தரும்.
ரோட்டில் கேட்டதைவிட இங்கே பெரிதாகக் கேட்டது.
உள்ளே கொண்டுவந்து அடைத்தவர்களே
காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆள் நூற்றுப் பதினாலு,
லெமன் சாதம் தொண்ணூறு பொட்டலம்.
பந்தியில் குறைந்தால்
சம்பந்தி வீட்டார் இலையிலிருந்து எழுந்துவிடுவார்கள்.
இவர்கள் பிரித்து, பாதி பாதியாகக் கொட்டி,
ஏட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள்.
எனக்கும்.

கோஷம் போடாதவள் ஒருத்தி இருந்தாள்.
சார்ஜர் இருக்கா என்று மட்டும் கேட்டாள்.
சீரியல் செட் போடும் ப்ளக்கில்
அவள் போனைச் செருகிவைத்தேன்.

ஐந்து பத்துக்கு அது அடித்தது.
எட்டிப் பார்த்தேன்.
அலாரம்: யுவனேஷ் டியூஷன்.
அணைக்கக் கை போனது.
'இருக்கட்டும்ண்ணா' என்றார்கள் யாரோ.
அது தானாக ஓய்ந்தது.
ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி.
நூற்றுப் பதினாலு பேரும், காக்கிகளும்,
ஒரு சைக்கிள் வளைவுக்கு வந்து சேரும் நேரத்தைக்
கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆறு மணி.
'எல்லாரும் போலாம்.'
ஒருத்தரும் எழவில்லை.
'எங்க ஏத்துனியோ அங்க எறக்கி வுடு.'
வேன்கள் வேறெங்கோ வேறொரு மறியலுக்குப் போயிருந்தன.
வாக்கி டாக்கி யாரையோ கெஞ்சியது.
நாளைய நிச்சயதார்த்தத்துக்குப் பூக்காரன் வந்து
கேட்டில் நின்று எட்டிப் பார்த்தான்.
'உள்ள யாரு வூட்டு விசேஷம்?'

அரை மணி பொறுத்து தேசராணி எழுந்தாள்.
'நடப்போம்.'
நடந்தால் அது ஊர்வலம்.
ஊர்வலம் போனால் லாரி நிற்கும்.
காலையில் காலியாக்கின ரோட்டை
ஏட்டு பார்க்க பார்க்க, அவர் காவலோடு,
திரும்ப நிரப்பப் போகிறார்கள்.
அவருக்கு அது கடைசியாகத்தான் உறைத்தது.
ஒன்றும் சொல்லவில்லை, ஷூ லேஸைக் கட்டினார்.

எர்ணாவூர் வளைவில் விளக்கு கிடையாது.
அதற்காகத்தானே எல்லாம்.
ஜெனரேட்டர் ரூமிலிருந்து
எமர்ஜென்சி லைட்டை எடுத்துவந்து
சார்ஜர் கேட்டவள் கையில் கொடுத்தேன்.
'காலைல குடுத்துடுங்க, ஃபங்ஷன் இருக்கு.'

அது நடந்து மூன்று வாரம்.
லைட்டு வரவில்லை,
வளைவுக்கும் சரி, எனக்கும் சரி.
ராத்திரி சைக்கிளில் அந்தப் பக்கம் போன பையன் சொன்னான்,
கம்பமில்லாத இடத்தில்
ஒரு வேப்ப மரத்தில் ஏதோ எரியுதுண்ணே,
லாரிக்காரன்லாம் பிரேக் போட்டுப் பாக்குறான்.

ஓனர் ஸ்டாக் கணக்குக் கேட்டார்.
ரிப்பேருக்குப் போயிருக்கு என்றேன்.