புள்ளிக் கணக்கு

எட்டாவதாக வரப்போகிறவளே,
உன் பெயர் இன்னும் எந்த ஆணையிலும் ஏறவில்லை.
செவ்வூரணி துணை சுகாதார நிலையத்திலிருந்து
இன்று பிற்பகல் விடுவிக்கப்பட்டேன் என்று
கையெழுத்துப் போட்டுவிட்டேன்.
பிற்பகல் என்றால் ரெண்டரை மணிப் பேருந்து.

ரத்த அழுத்தக் கருவி ஒன்று. பட்டை ஒட்டாது,
அவர்களின் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்.
தடுப்பூசிப் பெட்டி இரண்டு, ஒன்றுக்கு மூடி இல்லை.
குழந்தைத் தராசு இருநூறு கிராம் கூட்டிச் சொல்லும்.
குறைத்து எழுது,
தாயோடு சேர்ந்து நீயும் சந்தோஷப்பட்டுவிடாதே.

பதினெட்டு மாதம் சிவகங்கையில் படித்தேன்.
ரப்பர் பொம்மைக்குப் பிரசவம் பார்த்தோம்.
அதற்கு ரத்தம் போகாது, அதன் மாமியார் கத்தமாட்டாள்.
வேலை முடிந்து எங்கே போய்ப் படுப்பது என்பது
எந்தப் பாடத்திலும் வரவில்லை.
என்னோடு தேறிய இருபத்து மூன்று பேரில்
ஒன்பது பேர் மதுரைத் தனியார் ஆஸ்பத்திரிகளில்,
நான்கு பேர் மஸ்கட்டில்,
ஒருத்தி துணிக்கடையில் புடவை விரிக்கிறாள்.
யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை, இன்று.

நிலையத்துப் பின்னறையில் தங்கலாம் என்பார்கள்.
போன ஐப்பசியில் கூரைக் காரை
நான் படுக்கும் இடத்தில் விழுந்தது.
எனக்கு முன் இருந்த ஆறு பேரில் ஒருத்தி மட்டும்
மருந்து அலமாரியின் உள்கதவில் பென்சிலால்
எழுதிவைத்திருக்கிறாள்:
பாம்பு வரும், விளக்கைப் போட்டுவிட்டு நுழை.
அது உண்மை.

ஊரைச் சுற்றிப் பார், சிரிப்பு வரும்.
முன்வாசல் ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்.
ஒரே வீட்டின் சன்னல்களை எண்ணினேன்,
நூற்றுப் பன்னிரண்டில் விட்டுவிட்டேன். எல்லாம் பூட்டு.
ஓர் அறை வாடகைக்குக் கேட்டேன்.
காவலிருக்கும் வெள்ளைக்கண்ணு அண்ணன் விளக்கினார்:
வீடு பதினேழு புள்ளிக்குச் சொந்தம்.
பினாங்கில் மூன்று, சென்னையில் எட்டு,
ஒரு புள்ளி எங்கே என்று மற்றப் புள்ளிகளுக்கே தெரியாது.
பதினேழு கையெழுத்தும் விழுந்தால்தான் சாவி.
அடுத்த தெருவில் கையெழுத்துப் பேச்சே இல்லை.
சொந்த ஊர் எது என்றார்கள், சொன்னேன்.
அங்கே எந்தத் தெரு என்றார்கள்.

ஆகையால் தினமும் காரைக்குடி.
போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது,
கடைசி வண்டி ஏழேகாலுக்கு.
குழந்தைகள் ஏழேகாலுக்குள் பிறப்பதில்லை.

மாசியில் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.
அதே வீடு. ஒரே வாரத்தில்
பதினேழு புள்ளியும் போனிலேயே சரி சொன்னது,
தொலைந்துபோன புள்ளி உட்பட.
வளவில் இரும்புக் கட்டில்கள், குளுக்கோஸ் கம்பி,
பச்சைத் திரை. அந்தக் காலத்து ஆஸ்பத்திரியாம்.
நர்ஸாக நடிக்கும் பெண் என்னிடம் வந்தாள்,
ஊசியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று.
கெட்டிக்காரி, இரண்டாம் தடவையே கை நடுங்கவில்லை.
இந்த ஊரில் நான் பயிற்சி கொடுத்த ஒரே ஆள்.
மாடியில் அவளுக்குத் தனியறை, ஏசி.
நான்காம் நாள் அவளும் போய்விட்டாள்.
கட்டில்களையாவது கேட்டுப் பார்த்தேன்.
அவையும் வாடகைக்கு வந்தவையாம்.

எனக்கும் புள்ளிக் கணக்குதான்.
கீழத்தெரு அழகுமீனாள், இது ஏழாம் மாதம்.
தையில் அவள் ரத்தம் ஏழு புள்ளி இரண்டு,
போன புதன்கிழமை ஒன்பது புள்ளி ஒன்று.
மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்காதே,
ஆமாம் என்பாள், நாய்க்குட்டிக்கும் கொடுத்திருப்பாள்.
வெளிக்குக் கறுப்பாகப் போகிறதா என்று கேள்.
கேட்டுவிட்டு முகத்தைப் பார்.
ஆனிக் கடைசியில் நாள்.
அதற்குள் உன் ஆணை வந்துவிடும் என்கிறார்கள்.

சாவி டீக்கடைச் சிகாமணியிடம்.
கதவை உன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பு.
அந்த ஏழேகால் வண்டியை முழுசாக நம்பாதே,
கூட்டமில்லாத நாளில் ஏழுக்கே கிளம்பிவிடும்.