எந்தப் பக்கத்தால்

எக்ஸ்றே எங்கே பிறக்கிறதென்று
பகலில் யாராவது கேட்டால்
விரலால் தொட்டே காட்டுவேன்.
இந்தக் குழாய். உள்ளே தங்குதன் தகடு.
ஓடிவந்த இலத்திரன் அதில் மோதி
நிற்க மனமில்லாமல் நிற்கும்போது
விடுகிற மூச்சு.
"மூச்சைப் பிடியுங்கோ" என்பேன்.
பிடிப்பார்கள்.
"சரி, விடுங்கோ."
திருகோணமலை ஆசுபத்திரியில்
ஒரு நாளைக்கு அறுபது நெஞ்சு.

இரவில் உவர்மலை வாடகை அறையில்
மடிக்கணினியில் இன்னொரு படம்.
ஒரு குவாசர்.
அதன் நடுவே கருந்துளை, அதிலிருந்து பீறிட்டு
மூன்று லட்சம் ஒளியாண்டு ஓடும் தாரை.
தாரை நெடுக முடிச்சுகள்:
ஒன்று, பெரிய இடைவெளி, ஒன்று, பக்கத்திலேயே ஒன்று.
யன்னலுக்கு வெளியே கொட்டியாரக் குடாவில்
வள்ளங்களின் விளக்கும் அப்படித்தான் நிற்கிறது.

கடைசி முடிச்சை
தொலைநோக்கி பதினொரு மணிநேரம் முழித்துப் பார்த்தது.
கிடைத்தவை நாற்பத்தொரு போட்டன்கள்.
பகலில் ஒரு விரலை எடுக்கவே
கோடிக்கணக்கில் இறைக்கிறவள் நான்.
இந்த நாற்பத்தொன்றையும்
தனித்தனியாகத் தெரியும் எனக்கு.
வந்த நேரம், வந்த சக்தி.
பிந்தி வந்த ஒன்றோடு கொஞ்சம் கோபமும் உண்டு.
பிறந்த விதம் மட்டும் தெரியாது.

இரண்டு வருஷம் ஒரு கதையை நம்பினேன்.
பிரபஞ்சம் சூடாறியபோது
மிஞ்சிப்போன வெளிச்சம்
குளிர்ந்து, மங்கி, எங்கும் திரிகிறது.
தாரையின் இலத்திரன் அதை
ஓர் உதை உதைக்கிறது.
சோம்பிக் கிடந்தது எக்ஸ்றேயாகிப் பாய்கிறது.
அழகான கதை.
முப்பத்தெட்டுப் பக்கம் எழுதினேன்.
அதில் ஒரு நிபந்தனை இருந்தது:
அது மெய்யென்றால்
காமாவும் வந்தாக வேண்டும்.

ஐப்பசி மழை. கரண்ட் இல்லை.
போனில் குகதாசன் சேரின் இரண்டு வரி.
"பத்து வருஷத் தரவும் பார்த்தாச்சு.
காமா இல்லை."

மிஞ்சியது மற்றக் கதை.
காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழன்று
தானே எரிந்து ஒளிரும் வேறோர் இலத்திரன் கூட்டம்.
ஆனால் அதற்கு ஆயுசு சில பத்து வருஷம்.
கருந்துளையிலிருந்து அவ்வளவு தூரம்
சூட்டோடு வந்து சேராது.
துறைமுகத்தடியில் வாங்கிய பிளேன்ரீ
மூதூரில் இறங்கும்போதும் கொதித்தால்
லாஞ்சுக்குள் யாரோ
அடுப்பு வைத்திருக்கிறார்கள்.
யார்? எதை எரித்து?
முப்பத்தொன்பதாம் பக்கம் வெறுமையாயிருந்தது.

வியாழக்கிழமை, இருபத்தேழாவது நெஞ்சு.
உவைஸ், மூதூர், வயது முப்பத்தொன்று,
சீனக்குடா சீமெந்து வேலைக்கு மெடிக்கல்.
இடது தோள்பட்டைக்குக் கீழே
அரிசியளவு வெள்ளை.
"அது கிடக்கட்டும் மிஸ்.
பன்னிரண்டு வயசில பட்டது."
பொத்தான் பூட்டியபடி திரையைப் பார்த்தான்.
"எந்தப் பக்கத்தால வந்ததெண்டு
இதில தெரியுமா?"

பார்த்தேன். வெளிச்சத்தைக் கூட்டி, குறைத்து.
உலோகம் என்று தெரிந்தது.
நீளம் நாலு மில்லிமீற்றர்.
எலும்பைத் தொடவில்லை.
எங்கே என்று கேட்டிருந்தால்
அச்சொட்டாய்ச் சொல்லியிருப்பேன்.
"தெரியாது தம்பி."
"வாப்பா ஒண்டு சொல்லுவார், உம்மா ஒண்டு,"
என்று சிரித்தான்.
"வேலைக்குப் பிரச்சினை வராதுதானே?"
வராது என்றேன். அதுவும்
எனக்குத் தெரியாத விஷயம்தான்.

அன்றிரவு அந்த முப்பத்தெட்டையும் அழிக்கவில்லை.
'பழசு' என்றொரு கோப்புறையில் போட்டேன்.
நாற்பத்தொன்றையும் மறுபடி எண்ணினேன்,
கூடியிருக்கும் என்பதுபோல.
குடாவில் கடைசி விளக்கைக் காணவில்லை.
அணைத்தார்களா, அலை மறைத்ததா.
கொஞ்ச நேரம் யன்னலில் நின்றேன்,
மூச்சைப் பிடித்தபடி.