இடது கை, மஞ்சள்

சிவப்பு வலது கைக்கு.
மஞ்சள் இடது கைக்கு.
பச்சை இடது காலுக்கு, கறுப்பு மற்றக் காலுக்கு.
முதல் மாதம் சிவப்பையும் மஞ்சளையும் மாற்றிப் பூட்டி
கோமாரியிலிருந்து வந்த ஒரு மனிசியின் இதயத்தை
வலப்பக்கம் கொண்டுபோய் வைத்தேன்.
முதலாம் லீட் தலைகீழாய் வந்தது.
அவ எழும்பி, கொண்டை முடிந்து,
இதயத்தை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு
பஸ்ஸுக்குப் போனா.
அதற்குப் பிறகு நிறங்களை
வாய்க்குள் சொல்லித்தான் பூட்டுவேன்.

இன்றிரவு மஞ்சளைப் பிடித்தபடி நிற்கிறேன்.
உதுமாலெவ்வைக்கு இடது கை
முழங்கைக்கு மேலேயே முடிந்துவிடுகிறது.

"காஸ்தான் மகள்.
இஞ்சி போட்டுப் பிளேன்டீ ரெண்டு குடிச்சன், அடங்குதில்ல."
மின்விசிறிக்குக் கீழே அவருக்கு வேர்க்கிறது.
பொத்துவில் ஆஸ்பத்திரி, இரவு இரண்டு பத்து.
கை எப்படிப் போனதென்று எழுத
என் படிவத்தில் இடமில்லை.
மிஞ்சிய கையின் நுனியில் மஞ்சளை ஒட்டினேன்.
"அதுக்குள்ள கரண்ட் வருமா?"
வரும்.
முதலாம் லீட் என்பது கை இல்லை,
வலத்துக்கும் இடத்துக்கும் இடையில் ஒரு பார்வை.
அது விரல்வரை போகத் தேவையில்லை.

நெஞ்சுக்கு ஆறு.
நாலாம் விலா இடுக்கில்
நெஞ்செலும்புக்கு இருபுறமும் ஒன்று, இரண்டு.
மூன்றை ஒட்டுமுன் நாலைத் தேட வேண்டும்.
காறை எலும்பின் நடுவிலிருந்து
விரலை நேரே இறக்கினால் ஐந்தாம் இடுக்கு, அங்கே நாலு.
மூன்றுக்கு இடையில் கிடைத்த இடம்.
ஐந்தும் ஆறும் அக்குள் பக்கம்.
"ரெண்டு கையையும் ஆட்டாதீங்க"
பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.
"ஒண்ட நான் ஆட்டமாட்டன் மகள்.
மத்தத நீங்கதான் பாத்துக்கணும்."

தாள் வந்தது.
ரோஸ் நிற வட்டை,
ஐந்து வரம்புக்கொரு தடித்த வரம்பு.
சின்ன வரம்பிலிருந்து அடுத்ததற்கு
ஒரு செக்கனில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.
முதலில் சின்ன மேடு, அது மேலறை.
பிறகு ஊசி, அது கீழறை.
பிறகு அகன்ற மேடு,
கீழறை அடுத்த அடிக்கு ஆயத்தமாவது.
ஊசிக்கும் ஊசிக்கும் இடையே பெரிய கட்டங்களை எண்ணினேன்.
ஆறு.
முந்நூறை ஆறால் பிரி. ஐம்பது.
மெதுவாகத்தான் போகிறது.
ஒவ்வோர் ஊசிக்கு முன்னாலும் மேடு உண்டா?
உண்டு. சரி.

ஊசி இறங்கி வந்து
தட்டைக் கோட்டில் கால் வைக்க வேண்டும்.
வைக்கவில்லை.
இரண்டில், மூன்றில், ஏ.வீ.எஃப்பில்
அந்தரத்தில் நின்றபடியே அடுத்த மேட்டில் ஏறுகிறது.
மூன்றில் நாலு சின்னக் கட்ட உயரம்.
ஏ.வீ.எல்லைப் பார்த்தேன்,
இடது தோளிலிருந்து இதயத்தைப் பார்க்கிற கண் அது.
அங்கே அதே இடம் பள்ளம்.
இல்லாத கையின் பக்கமிருந்து
இவ்வளவு தெளிவாக:
கீழ்ச்சுவர். காஸ் இல்லை.

நான் எடுக்கிறவள், வாசிக்கிறவள் இல்லை.
கடமைப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது.
டொக்டர் தர்ஷிகாவின் அறைக்கதவைத் தட்டாமலே திறந்து
தாளை மட்டும் நீட்டினேன்.
மூன்றாம் லீடில் பெருவிரலை வைத்தபடி
காலால் செருப்பைத் தேடினார்.

ஆஸ்பிரினைச் சப்பிக்கொண்டே
ஊசி எதுக்கென்று கேட்டார் உதுமாலெவ்வை.
அடைப்பைக் கரைக்க, என்றேன்.
"களப்பு வாய் வெட்டுற மாதிரி."
மாரியில் மண் மூடி, வயலுக்குள் வெள்ளம் ஏறி,
ஊர் திரண்டு மண்வெட்டியோடு போகும் அதுவா?
"அதான். வெட்டிவிட்டா ஒரேயடியா இழுக்கும்.
கரையில நிக்கப்படாது."
நான் மொனிட்டரின் பக்கத்தில்
கரையிலேயே நின்றேன்.

தொண்ணூறு நிமிடம் கழித்து இரண்டாம் தாள்.
மூன்றாம் லீடில் நாலு, ஒன்றரை ஆகியிருந்தது.
அவர் நல்ல நித்திரை.
வாய் திறந்திருந்தது.

வெப்பத் தாள், நாளாக மங்கிப்போகும்;
காலையில் கொப்பி எடுக்க வேண்டும்.
மூலையில் பேர், திகதி, நேரம் எழுதி
அடுத்து வாசிக்கிறவருக்கு ஒரு வரி:
மஞ்சள், மேற்கையின் நுனியில். பிழையில்லை.